வேலாயுதத்தின் பாலம்

போட்டோ பிடிக்கிற தொழிலில் இருப்பவனுக்கு ஒரு சாபம் உண்டு: ஊரார் முகத்தையெல்லாம் அழகாகக் காட்டுவான், பக்கத்துக் கடைக்காரன் படம் அழகாக வந்தால் மட்டும் அவன் முகம் சுருங்கிப்போகும்.

நீங்கள் தையல் கடை வைத்திருக்கலாம், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தலாம், தாலுகா ஆபீசில் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் தொழிலிலும் ஒரு வேலாயுதம் இருப்பான். உங்களோடு வேலை படித்தவனாக இருப்பான். நல்லவனாக இருப்பான், அதுதான் பெரிய இம்சை. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

நான் கோமதிநாயகம். சங்கரன்கோவிலில் ரத வீதி முக்கில் ஸ்டுடியோ. கல்யாணம், சடங்கு, காதுகுத்து எல்லாம் எடுப்பேன். என் மனைவி செண்பகம் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆல்பம் போடுவாள். வேலாயுதத்தின் ஸ்டுடியோ பஸ் ஸ்டாண்டு பக்கம். இருவரும் ஒரே முதலாளியிடம் ஒரே இருட்டறையில் தொழில் படித்தவர்கள். இனி நான் பட்டதைக் கேளுங்கள்.

கன்னத்துப் பொட்டு

கம்ப்யூட்டரில் முகத்தைத் துடைக்கிற வித்தை எனக்குப் பிடிபட்ட புதிதில், கண்ணில் பட்ட பரு, மரு, அம்மைத் தழும்பு எதையும் விட்டுவைக்கவில்லை. அறுபது வயதுப் பெரியவருக்கு நெற்றிச் சுருக்கத்தை எடுத்துவிட, தன் தம்பி படம் மாறி வந்துவிட்டதென்று அவர் திருப்பிக் கொடுத்ததும் நடந்தது. அந்த வேகத்தில்தான் வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு பெண் முதல் பிறந்தநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுவரில் மாட்ட ஆளுயரப் படம் வேண்டுமாம்.

பிள்ளையின் கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு. எனக்குத் தெரியாததா? என் பிள்ளைகளுக்கும் வைத்து வளர்த்தவன்தான். ஆனால் கை ஓடிய ஓட்டத்தில் அதுவும் மருவோடு மருவாகப் போய்விட்டது. படம் வாங்க வந்தவள் முதலில் சிரித்தாள், பிறகு கிட்டே போய்ப் பார்த்தாள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாங்க. இம்புட்டுப் பெரிய படமா போட்டு, பொட்டையும் அழிச்சு வச்சிருக்கியளே அண்ணாச்சி, இதை நான் எந்தச் சுவத்துல மாட்டுவேன்?"

பிரேம் கடையில்

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக்கு அப்பால், கொல்லம் ரோட்டோரம் ஒரு பழைய ரயில் பாலம் நிற்கிறது. கருங்கல் தூண்கள், பதிமூன்று வளைவுகள். வளைவைக் கண் என்று சொல்வது நம் பக்கத்து வழக்கம், அதனால் அது பதிமூணு கண் பாலம். கல்யாணம் நிச்சயமான ஜோடிகளை அங்கே கூட்டிப்போய்ப் படமெடுப்பது இப்போது கட்டாயச் சடங்கு மாதிரி ஆகிவிட்டது. நானும் எத்தனையோ ஜோடிகளைக் கூட்டிப்போயிருக்கிறேன். என் படங்களில் பாலம் மாப்பிள்ளையின் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தெரியும்.

ஒருநாள் பிரேம் கடைக்குப் போனேன். மேஜை மேல், பிரேம் போட வேலாயுதம் கொடுத்த படமாக அந்தப் பாலம் கிடந்தது. படத்தில் ஆளே இல்லை. மழை விட்ட சாயங்காலம், பக்கவாட்டில் வந்த வெயில் ஒவ்வொரு வளைவின் உள்பக்கத்தையும் தொட்டுவிட்டுப் போகிறது, நனைந்த கல் பளபளக்கிறது, பின்னால் மலையில் மஞ்சு இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆற்றுக்குள் இறங்கிப் பாறையில் நின்று எடுத்திருக்கிறான் என்று பார்த்த உடனே தெரிந்தது. அந்தப் பாறையில்தான் நான் எப்போதும் லைட் பெட்டியை வைப்பேன். வயிறு எரிந்தது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

குனிந்து ஒரு குறை தேடினேன். கோணல் இல்லை, மங்கல் இல்லை, வெளிச்சம் வெளுத்துப்போன இடம் இல்லை. ஓர் ஓரத்திலாவது மின்கம்பி குறுக்கே போயிருக்கக் கூடாதா என்று மூலை மூலையாகப் பார்த்தேன். நிமிர்ந்தபோது வாசலில் வேலாயுதம் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. எப்படி இருக்கிறது என்று கேட்டான். பரவாயில்லை என்றேன். பிரேம்காரர் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி, நீங்க விடுத மூச்சுல படம் புழுங்குது."

யாருக்குக் கல்யாணம்

அதிலிருந்து எனக்குப் பாலப் பைத்தியம் பிடித்தது. அவன் எடுத்ததைவிட ஒரு படி மேலாக ஒரு படம், ஒரே ஒரு படம். அதை ஊர் பார்க்க வேண்டும், அவனும் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அன்று ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கக் கூடாது. என் லட்சியம் அவ்வளவுதான்.

மேலநீலிதநல்லூர் பக்கத்து ஜோடி ஒன்றைக் கூட்டிப்போனேன். துணைக்குப் பெண்ணின் சித்தப்பா, ஒரு கையில் குடை, ஒரு கையில் தண்ணீர் பாட்டில். லைட் பார்க்கிறேன் என்று சொல்லி ஜோடியை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு ஆற்றில் இறங்கினேன். இடப்பக்கத்திலிருந்து எடுத்தேன், வலப்பக்கத்திலிருந்து எடுத்தேன், படுத்துக்கொண்டு எடுத்தேன். உச்சி வெயிலில் பாலம் தர்மாஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெளுத்துப்போய் நின்றது. மரத்தடியில் பெண்ணுக்குப் பவுடர் வழிந்தது. மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கடைசியில் சித்தப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே வந்துவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிருங்க தம்பி. கல்யாணம் எங்க பிள்ளைக்கா, இந்தப் பாலத்துக்கா?"

பாதிக்குப் பாதி

இதற்குள் வேலாயுதத்தின் படம் தென்காசியில் நடந்த ஒரு போட்டியில் பரிசு வாங்கிவிட்டது. பிறகு ஊரில் யாருடைய செல்போனைத் திறந்தாலும் அந்தப் பாலம்தான். காலை வணக்கம் அதில் வந்தது, தீபாவளி வாழ்த்து அதில் வந்தது, ஒரு கண்ணீர் அஞ்சலிகூட அதில்தான் வந்தது. என் மைத்துனன் எனக்கே அனுப்பி, பார்த்தீர்களா அத்தான் என்று கேட்டான். பார்த்தேன் மாப்பிள்ளை, நன்றாகவே பார்த்தேன்.

விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் தன் மகன் கல்யாணத்துக்குப் பேச வந்தார். என்னிடம்தான் கொடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். முகம் எடுக்க உங்களைப்போல் ஆளில்லை என்றார். மனம் குளிர்ந்துபோய்ச் செண்பகத்தைக் காபி போடச் சொன்னேன். பதிமூணு கண் பாலத்துக்கு எந்தக் கிழமை போகலாம் என்று கேட்டேன். அதற்கு அவர் எதற்கு வீண் அலைச்சல் என்று செல்போனை எடுத்துக் காட்டினார். என்ன படம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"பிள்ளைகளை இங்கன கடையில வச்சே எடுத்துருங்க அண்ணாச்சி. பாலத்தை வேலாயுதம் தம்பிட்ட வாங்கி, வீட்டம்மாவை வச்சுப் பின்னால ஒட்டிக்கிடலாம்."

சாமிமார்

இனிமேல் ஜோடி வேண்டாம், தனியாகவே போவோம் என்று முடிவு செய்தேன். கார்த்திகையில் மழை விட்டு விட்டுப் பெய்யும், வெளிச்சம் நன்றாக இருக்கும். செண்பகமும் தயிர்சாதத்தோடு வந்தாள். பாலம் பார்க்க அல்ல, நான் ஆற்றில் விழுந்தால் தகவல் சொல்ல ஆள் வேண்டுமாம்.

கார்த்திகை என்றால் சபரிமலை சீசன் என்பது எனக்கு எப்படி மறந்தது என்று இப்போதும் புரியவில்லை. வயிற்றெரிச்சலில் கிளம்புகிறவன் பஞ்சாங்கமா பார்ப்பான்? பாலத்துக்கு முன்னால் வேன் மேல் வேனாக நின்றது. சாமிமார் ஆற்றில் குளித்துவிட்டு, தூணுக்குத் தூண் கயிறு கட்டிக் கறுப்பு வேட்டியும் நீல வேட்டியும் காயப் போட்டிருந்தார்கள். மழையும் விட்டது. வேலாயுதத்துக்குக் கிடைத்த அதே மஞ்சள் வெயில் மேற்கேயிருந்து வந்தது. வந்து, ஈர வேட்டிகளின் மேல் அழகாக விழுந்தது.

கேமராவும் கையுமாகத் திருதிருவென்று நின்றவனை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு படம் எடுங்க சாமி என்றார்கள். மாலை போட்டவர்களிடம் முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. குருசாமியை நடுவில் உட்கார வைத்தார்கள், மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். ஒரு வேன் முடிந்ததும் அடுத்த வேன் வரிசையில் வந்தது. செண்பகம் தள்ளி உட்கார்ந்து தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தாள். பாலமும் கொஞ்சம் படத்தில் வரட்டுமே என்று நான் பின்னால் பின்னால் போனேன். ஒரு கன்னிச்சாமி ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"எங்க போறீங்க சாமி? பாலம் தெரியாட்டியும் பரவாயில்ல, எங்க குருசாமி தெரியணும்."

மண்டபத்துச் சுவர்

ராஜபாளையம் ரோட்டில் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் திறந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் சுவர் முழுக்க ஒரு படம். அதே பாலம். பந்திக்குப் போகிறவர்கள், பந்தி முடிந்து வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்தார்கள். நான் கல்யாணம் எடுக்கப் போனால் மணமக்களை அங்கே நிறுத்தித்தான் எடுக்கச் சொல்வார்கள். என் கேமராவாலேயே அவன் படத்தை எடுத்து, என் ஆல்பத்திலேயே அவன் பாலத்தை விற்க வேண்டியதாயிற்று. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன தண்டனை வேண்டும்?

அப்படி ஒருநாள் மணமக்களைப் பார்த்து லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. படத்தின் இடது மேல் மூலையில், வானத்தில், சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. கிட்டே போய்ப் பார்த்தேன். பறவை இல்லை. பூச்சி இல்லை. கேமராவுக்குள் தூசி விழுந்தால் படத்தில் இப்படித்தான் விழும், தொழிலில் இருக்கிறவனுக்குத் தெரியும். பிரேம் கடையில் அவ்வளவு தேடியும் இது எப்படித் தப்பியது என்று யோசித்தேன். சின்னப் படத்தில் தெரிந்திருக்காது, சுவரளவு பெரிதாக்கியதும் வெளியே வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் மணமக்களை மூன்று தடவை கூடுதலாகச் சிரிக்கச் சொன்னேன்.

அப்புறம் விடுவேனா? போட்டோகிராபர்கள் வாட்ஸப் குழுவில் அந்த மூலையை மட்டும் பெரிதாக்கிப் போட்டு, இது என்னவென்று கண்டுபிடியுங்கள் என்று எழுதினேன். பிரேம் கடையில் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். கேமராவைத் துடைக்கத் தெரியாதவனுக்குப் பரிசு ஒரு கேடா என்று கேட்டேன். மண்டபத்து மேனேஜரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஸ்டூலில் ஏற்றியே காட்டினேன். அவர் புள்ளியைப் பார்த்தார், இறங்கினார், என்னைப் பார்த்தார்.

"இம்புட்டுப் பெரிய பாலம் நிக்கி, உங்களுக்கு இதுவா அண்ணாச்சி கண்ணுல பட்டுது?"

கடைசிப் பந்தி

நம் பக்கத்துக் கல்யாணங்களில் பெண் வீட்டாருக்கு ஒரு போட்டோகிராபர், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு போட்டோகிராபர் என்று இருவர் மேடையேறுவது உண்டு. தாலி கட்டும்போது யார் முன்னால் நிற்பது என்று முழங்கையால் ஒரு யுத்தம் நடக்கும். அந்த மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு நான், பெண் வீட்டுக்கு வேலாயுதம். தாலி கட்டுகிற நேரம் வேலாயுதம் தானாகவே ஒதுங்கி எனக்கு இடம் விட்டான். சொன்னேனே, நல்லவன் என்று.

மேடை வேலை முடிந்து எங்களுக்குக் கடைசிப் பந்திதான் கிடைத்தது. பக்கத்துப் பக்கத்து இலை. எதிரே திறந்த வாசல் வழியாக அவன் பாலம் தெரிந்தது. அவியல் வைத்துவிட்டுப் போனார்கள். இதைவிட நல்ல சமயம் வராது என்று தோன்றியது. குரலில் அக்கறையை வரவழைத்துக்கொண்டு, படம் பிரமாதம், ஆனால் மூலையில் ஒரு தூசி விழுந்திருக்கிறது, ஊரெல்லாம் அதையே பேசுகிறார்கள், பைலைக் கொடுத்தால் செண்பகம் ஒரு நிமிஷத்தில் துடைத்துக் கொடுத்துவிடுவாள் என்றேன். ஊரெல்லாம் பேசியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

வேலாயுதம் வாய்ச் சோற்றை விழுங்கினான். கோபிக்கவில்லை. வாட்ஸப்பில் நான் போட்டதை அவனும் பார்த்திருப்பான்தானே? தண்ணீர் குடித்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் என் பக்கம் சாய்ந்து சொன்னான்.

"தூசி இல்ல வே அது, திருஷ்டிப் பொட்டு. பிரேம் கடையில நீரு பார்த்த பார்வையைப் பார்த்து எனக்கே பயம் வந்துட்டு. அன்னைக்குச் சாயங்காலமே கம்ப்யூட்டர்ல நாந்தான் வச்சேன்."

என் பாலம்

அதற்குப் பிறகு பாயசம் வந்தது. என் இலையில் ஊற்றினார்களா என்று நினைவில்லை. வாசுதேவநல்லூர்ப் பிள்ளையின் கன்னத்திலிருந்து ஒரு பொட்டை அழித்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். பொட்டைப் பார்த்தால் பொட்டு என்று தெரிய வேண்டாமா? அந்தப் பெண் பயந்தது யாருடைய கண்ணுக்கோ. வேலாயுதம் பயந்தது என் கண்ணுக்கு. இருந்தும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வீட்டுக்கு வருகிற வழியில் எனக்கு அவமானத்தைவிடப் பொறாமைதான் அதிகமாக இருந்தது. ஒரு படத்தை எடுத்துவிட்டு, இதற்குக் கண்பட்டுவிடும் என்று பயப்பட ஒருவனுக்கு வாய்த்திருக்கிறதே. என் படம் எதற்காவது நான் அப்படிப் பயந்திருக்கிறேனா?

அடுத்த ஐப்பசியில் எனக்கும் வாய்த்தது. ஒரு ஜோடியைக் கூட்டிப்போயிருந்தேன். தூறல் விழுந்து பெண்ணுக்கு மேக்கப் கலைந்துவிட்டது, காருக்குள் போய்த் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். மழை நின்றது. ரோட்டில் வண்டி இல்லை, ஆற்றில் ஆள் இல்லை. வெயில் எனக்காகவே வந்ததுபோல் வளைவு வளைவாக நுழைந்தது. கீழே தேங்கிய தண்ணீரில் பாலம் தலைகீழாக இன்னொன்று நின்றது. வேலாயுதம் படத்தில் அது இல்லை. எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். சத்தியமாக நல்ல படம்.

பெரிதாகப் போட்டுக் கடைக்குள் நுழைந்ததும் தெரிகிற இடத்தில் மாட்டினேன். மாட்டுவதற்கு முன்னால் வானத்தின் வலது மூலையில் ஒரு பொட்டும் வைத்தேன். செண்பகம் பொட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள், அதுதான் உறுத்தியது. வந்தவர்களில் பாதிப்பேர், வேலாயுதம் அண்ணன் படத்தை நீங்களும் மாட்டிவிட்டீர்களா என்று கேட்டார்கள். மீதிப்பேர் பாஸ்போர்ட் போட்டோ எப்போது கிடைக்கும் என்று கேட்டார்கள். எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. நான் காத்திருந்தது ஒருவனுக்காக.

ஒரு முகூர்த்த நாளுக்கு முதல் நாள், பேட்டரி இரவல் கேட்டு வேலாயுதம் வந்தான். பாலத்தின் முன்னால் நின்றான். நான் பேட்டரி தேடுவதுபோல் மேஜையைத் துழாவிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தேன். கிட்டே போனான், தள்ளி நின்றான், தண்ணீரில் நிற்கும் பாலத்தைக் குனிந்து பார்த்தான். ஒரு சுருக்கம், ஒரு பெருமூச்சு வருமா என்று பார்த்தேன். அவன் முகம் மலர்ந்துகொண்டே போனது. திரும்பி, என் தோளில் கை போட்டான். அந்தச் சிரிப்பில் கேலி துளிகூட இல்லை, இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"என்னோடதைவிட நல்லா வந்திருக்கு வே, ரொம்பச் சந்தோஷம். வானத்துல மட்டும் ஒரு தூசி கிடக்கு பாரும், செண்பகத்துட்ட சொல்லித் துடைச்சிரும்."

ஆகவே என் சக வயிற்றெரிச்சல்காரர்களே, பிறரைப் பார்த்துப் பொறாமைப்படுவதையாவது எப்படியோ தாங்கிக்கொள்ளலாம், நம்மைப் பார்த்துப் பொறாமைப்பட ஒருத்தனும் இல்லையே என்பதைத்தான் தாங்க முடியாது, அதனால் அந்தப் பொட்டை அழிக்க மனம் வராமலும் வைத்திருக்க வெட்கப்பட்டும் தினமும் அதன் கீழேதான் கடை திறந்து உட்கார்ந்திருக்கிறேன்.